இருட்டில் வெளிறும் செடி: சொல்லும் பொருளும்

புல்தரையில் பல நாட்கள் கிடந்த செங்கல் ஒன்றைப் புரட்டிப் பார்க்காத குழந்தை இருக்க முடியாது. அடியில் மண்புழு இருக்கும், எறும்பு இருக்கும். அவற்றோடு வெள்ளையும் மஞ்சளுமாக, மெலிந்து நீண்டு, கல்லின் ஓரத்தை நோக்கி ஓடிய புல்லும் இருக்கும். சமையலறைக் கூடையில் மறந்துபோன உருளைக்கிழங்கிலும் இதே காட்சிதான். வெளுத்த முளைகள் விரல் நீளத்துக்கு நீண்டிருக்கும். இலை என்று சொல்ல ஒன்றும் இருக்காது.

ஒளி கிடைக்காத செடி இப்படி வெளுத்து நீள்வதை ஆங்கில வழியில் ‘எட்டியோலேஷன்’ என்கிறோம். பாடநூலில் ஒரு வரியில் கடந்து போகக்கூடிய சொல். ஆனால் வகுப்பறையில் இந்த ஒரு சொல் சரியாகப் புரியாததால், கண்ணால் பார்த்ததை உள்ளபடி எழுதிய மாணவருக்கு மதிப்பெண் குறைகிறது. தண்ணீர் ஊற்றும் பொறுப்பில் இருந்த மாணவர் செய்யாத தவறுக்குத் திட்டு வாங்குகிறார். எனவே இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

விடைத்தாளில் வரும் சிக்கல்

‘செடி வளர எவை தேவை?’ என்ற கேள்விக்கு நீர், காற்று, சூரிய ஒளி என்று எழுதத் தொடக்க வகுப்பிலேயே பழக்கிவிடுகிறோம். பிறகு ஒரு செயல்பாடு கொடுக்கிறோம். இரண்டு கிண்ணங்களில் பயறு முளைக்க வை; ஒன்றை வெயிலில் வை, மற்றொன்றைப் பெட்டிக்குள் மூடி வை; ஒரு வாரம் கழித்துப் பார்.

ஒரு வாரம் கழித்து மாணவர் பார்ப்பது என்ன? வெயிலில் இருந்த செடி குட்டையாக இருக்கிறது. பெட்டிக்குள் இருந்தது அதைவிடப் பல மடங்கு உயரமாக இருக்கிறது. ‘இருட்டில் இருந்த செடிதான் நன்றாக வளர்ந்தது’ என்று அவர் எழுதுகிறார். விடைக்குறிப்பில் ‘ஒளி இல்லாமல் செடி வளராது’ என்று இருப்பதால் நாம் அதைத் தவறு என்று அடிக்கிறோம். அடுத்த முறை அவர் செடியைப் பார்க்க மாட்டார், புத்தகத்தைப் பார்த்து எழுதுவார். அறிவியல் பாடத்தில் இதைவிடப் பெரிய நட்டம் வேறில்லை.

மாணவர் அளந்தது சரி. ‘வளர்ச்சி’ என்ற சொல்லுக்குள் இரண்டு பொருள்கள் கலந்து கிடக்கின்றன என்பதுதான் இங்கே சிக்கல். நீளுவது ஒன்று, உடலில் பொருள் சேருவது மற்றொன்று. இருட்டில் இருந்த செடி நீண்டது உண்மை. ஆனால் அதன் உடலில் புதிதாக ஒரு துளி உணவும் சேரவில்லை. விதைக்குள் ஏற்கெனவே இருந்த சேமிப்பை எடுத்துத்தான் அது நீண்டது. வெயிலில் இருந்த செடி குட்டையாக இருந்தாலும், காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை எடுத்துத் தன் உடலைக் கட்டத் தொடங்கிவிட்டது. இந்த வேறுபாட்டைச் சொல்லித் தருவதற்கு, மாணவரின் ‘தவறான’ விடையைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது.

சொல்லின் வரலாறு

‘எட்டியோலேஷன்’ பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. அறுவடைக்குப் பின் நிற்கும் தாள், வைக்கோல் தண்டு ஆகியவற்றைக் குறிக்கும் பழைய சொல்லோடு அதைத் தொடர்புபடுத்துகிறார்கள். அந்தச் சொல்லின் மூலம் லத்தீன் ‘ஸ்டிபுலா’. நெல் அறுத்த வயலில் நிற்கும் தாளை நினைத்துக்கொண்டால் போதும். வெளுத்தது, மெலிந்தது, தண்டு மட்டுமே மிச்சமாக நிற்பது. ஆக, மூலச் சொல்லிலேயே நிறமும் உருவமும் இரண்டும் இருக்கின்றன.

தமிழில் இதை ‘நிறமிழப்பு’ என்று சொல்ல நமக்குத் தோன்றலாம். இந்தச் சொல்லில் ஓர் இடறல் உண்டு. இழப்பதற்கு முதலில் இருந்திருக்க வேண்டும். இருட்டில் முளைத்த பயறு பச்சையாக இருந்து பின் வெளுக்கவில்லை. அதில் பச்சையம் உருவாகவே இல்லை. பச்சையாக வளர்ந்த செடியைக் கொண்டுபோய் இருட்டில் வைத்தால், அதன் பழைய இலைகளில் இருக்கும் பச்சையம் சிதைந்து மஞ்சளாகி உதிர்வது வேறு நிகழ்வு. செங்கல்லின் அடியில் இவை இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். மடங்கி மஞ்சளான பழைய புல்லும், வெளிறி நீண்ட புதிய புல்லும் அருகருகே இருக்கும்.

‘வெளிறல்’ என்ற சொல் இதைவிடப் பொருத்தம். ‘வெளிறு’ பழைய சொல். வெண்மை, வெளுப்பு என்பது அதன் முதற்பொருள். வயிரம் பாயாத மரத்தையும் வெளிறு என்றே சொன்னார்கள். திருக்குறளின் 503ஆம் குறளில் இதே சொல் அறியாமை என்ற பொருளில் வருகிறது. நமக்கு இங்கே வேண்டியவை முதல் இரண்டு பொருள்கள். இருட்டில் நீண்ட தண்டில் பச்சை இல்லை. தண்டை விறைப்பாக நிறுத்தும் கட்டைத்தன்மையும் மிகக் குறைவு. விரலால் தொட்டால் துவண்டு விழும். நிறம் வெளுத்தது, வயிரம் ஏறாதது என்ற இரண்டையும் ஒரே சொல்லில் தமிழ் வைத்திருக்கிறது. வகுப்பில் ‘இருளில் வெளிறல்’ என்று சொல்லி, அதற்கு நான்கு அடையாளங்கள் உண்டு என்று கரும்பலகையில் எழுதிவிடலாம்: வெளிறிய நிறம், நீண்ட தண்டு, விரியாத சிறிய இலை, வலுவின்மை. நிறத்தை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் பாதிப் பொருள்தான் போய்ச் சேரும்.

செடிகள் பச்சையாவதற்குக் காரணம் காற்றா, வெப்பமா, ஒளியா என்பதே ஒரு காலத்தில் பெரிய கேள்வியாக இருந்தது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் ஜான் ரே, ஒளிதான் காரணம் என்று எழுதினார். ஜெனீவாவைச் சேர்ந்த சார்லஸ் போனே, இலைகளின் பயன் பற்றி 1754இல் வெளியிட்ட நூலில், இருட்டில் பட்டாணி வளர்த்துப் பார்த்த சோதனைகளை விளக்கினார். ஒளியில்தான் பச்சை இலைகள் ஆக்சிஜனை வெளியிடுகின்றன என்று யான் இங்கன்ஹவுஸ் காட்டியது 1779இல். நம் மாணவர்கள் அட்டைப் பெட்டிக்குள் பயறு வைக்கும்போது ஏறத்தாழ 270 ஆண்டுகள் பழைய சோதனையைத்தான் மீண்டும் செய்கிறார்கள். இதைச் சொன்னால் அவர்களுக்கு அந்தப் பெட்டியின் மேல் ஒரு மரியாதை வரும்.

இருட்டில் செடி என்ன செய்கிறது?

வெளிறலை நோய் என்று எடுத்துக்கொண்டால் பாடம் தவறிவிடும். மண்ணுக்குள் விழுந்த விதையின் நிலையில் இருந்து யோசிக்கச் சொல்லுங்கள். சுற்றிலும் இருட்டு. கையில் இருப்பது விதையிலைகளில் உள்ள கொஞ்சம் உணவு. அது தீர்வதற்குள் மண்ணைத் துளைத்து மேலே வர வேண்டும். அந்த நேரத்தில் இலையை விரிப்பதும் பச்சையம் தயாரிப்பதும் வீண் செலவு. மண்ணுக்குள் விரித்த இலை கிழிந்துதான் போகும். அதனால் செடி இருக்கும் உணவையெல்லாம் தண்டை நீட்டுவதில் செலவிடுகிறது. நுனியைக் கொக்கிபோல் வளைத்து, மென்மையான வளர்நுனியை உள்ளே பாதுகாத்துக்கொண்டு, முதுகால் மண்ணை முட்டித் திறக்கிறது. அவரையோ பயறோ முளைத்து வரும்போது கூனிக்கொண்டு வருவதை எல்லோரும் பார்த்திருப்போம். அந்தக் கூனுக்குக் காரணம் இதுதான்.

மேல் எது, கீழ் எது என்று இருட்டில் எப்படித் தெரிகிறது என்று கட்டாயம் ஒரு மாணவர் கேட்பார். புவியீர்ப்பை உணர்ந்துதான். ஒளிச்சார்பசைவையும் புவியீர்ப்பு சார்ந்த அசைவையும் இணைத்துச் சொல்ல இது நல்ல இடம்.

விதையின் சேமிப்பு எவ்வளவோ அவ்வளவு தூரம்தான் இருட்டில் செல்ல முடியும். கீரை விதையை மணலோடு கலந்து மேலாகத் தூவுகிறோம். அவரை விதையை விரலால் குழி பறித்து ஊன்றுகிறோம். சிறிய விதையை ஆழத்தில் போட்டால் வெளிச்சத்தைத் தொடும் முன்பே அதன் சேமிப்பு தீர்ந்துவிடும். வீட்டில் தாத்தா பாட்டி சொல்லும் விதைப்பு முறைக்குள் இந்த அறிவியல் இருக்கிறது என்று காட்டலாம்.

மேல்நிலை வகுப்புகளுக்கு ஒரு படி கூடுதலாகச் சொல்ல முடியும். 1989இல் அமெரிக்காவின் ஜோன் சோரியும் அவருடன் பணியாற்றியவர்களும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் ஒரு திடீர்மாற்ற வகையை விவரித்தார்கள். ஒரு மரபணு பழுதானதால், அந்தச் செடி முழு இருட்டிலும் வெளிச்சத்தில் வளர்ந்ததைப் போலக் குட்டையாக, இலைகளை விரித்து நின்றது. அப்படியானால் இயல்பான செடி இருட்டில் இலையை விரிக்க ‘முடியாமல்’ இருக்கவில்லை. விரிக்க வேண்டாம் என்று தன்னைத்தானே அடக்கி வைத்திருக்கிறது. ஒளி வந்து அந்த அடக்கத்தை நீக்குகிறது.

வெளிச்சம் பட்டதும்

இருட்டில் வளர்ந்த செடியின் செல்களுக்குள் பசுங்கணிகம் இல்லை. அதன் இடத்தில் எட்டியோபிளாஸ்ட் எனப்படும் கணிகங்கள் காத்திருக்கின்றன. பச்சையத்துக்கு முந்தைய நிலைப் பொருளான புரோட்டோகுளோரோஃபில்லைடு அவற்றில் தயாராக இருக்கும். பூக்கும் தாவரங்களில் அதைப் பச்சையத்தை நோக்கி அடுத்த படிக்கு மாற்றும் நொதி, ஒளி பட்டால்தான் வேலை செய்யும். ஒளி பட்ட நொடியிலேயே அந்த மாற்றம் தொடங்கிவிடும். கண்ணுக்குப் பச்சை தெரியச் சில மணி நேரம் ஆகும். ஓரிரு நாட்களில் செடி நன்றாகப் பச்சையாகிவிடும். பைன் போன்ற மரங்களின் நாற்றுகளுக்கு ஒளி தேவைப்படாத வேறொரு நொதியும் உண்டு. அதனால் அவை இருட்டிலும் ஓரளவு பச்சையாகும். ‘ஒளி இல்லாமல் எந்தச் செடியும் பச்சையாகாது’ என்ற வாக்கியத்தைப் பூக்கும் தாவரங்களுக்கு என்று வரையறுத்துச் சொல்வது நல்லது.

அப்படியானால் இருட்டில் தெரியும் மஞ்சள் எங்கிருந்து வந்தது? கரோட்டினாய்டு நிறமிகள் இருட்டிலும் சிறிதளவு உருவாகின்றன. பச்சை இலையிலும் அவை உண்டு. பச்சையத்தின் நிறத்துக்குள் மறைந்திருக்கும்.

ஒளி வந்துவிட்டது என்பதைச் செடி எப்படி அறிகிறது? அதற்கென்று தனி நிறமிகள் உள்ளன. அவற்றுள் முக்கியமானது பைட்டோகுரோம். அமெரிக்க வேளாண்மைத் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வு மையத்தில் 1952இல் லெட்யூஸ் கீரை விதைகளை வைத்துச் சோதித்தபோது, சிவப்பு ஒளி விதையை முளைக்கச் செய்வதும், அதைத் தொடர்ந்து தரும் தொலைசிவப்பு ஒளி அந்த விளைவை நீக்குவதும் தெரிந்தது. 1959இல் அந்த நிறமியையே கண்டறிந்தார்கள். அதன் ஒரு வடிவம் ஏறத்தாழ 660 நானோமீட்டர் ஒளியையும், மற்றொரு வடிவம் 730 நானோமீட்டர் ஒளியையும் உறிஞ்சும். ஒளிச்சேர்க்கைக்குப் பச்சையம்; ஒளியை ‘அறிவதற்கு’ பைட்டோகுரோம் போன்றவை. இந்த இரண்டு வேலைகளையும் மாணவர்கள் குழப்பிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்பில் ஆக்சினையும் ஜிப்ரெல்லினையும் நடத்தும்போது, இருட்டில் தண்டு நீள்வதில் இந்த ஹார்மோன்களுக்கும் பங்கு உண்டு என்று இணைத்துச் சொல்லலாம்.

முளைப்பாரி, குருத்தோலை, வாழைத்தண்டு

செடியை வேண்டுமென்றே இருட்டில் வளர்க்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. மதுரை, இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களில் மாரியம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி போடுவார்கள். சட்டியில் வைக்கோலும் எருவும் மண்ணும் இட்டு, ஊறவைத்த பயறு வகைகளைத் தூவி, வெயில் படாத அறையில் வைத்து, நீர் தெளித்து வளர்ப்பார்கள். ஒரு வாரத்துக்கு மேல் ஆனதும் பொன்னிறத்தில் நெருக்கமாக, உயரமாக நிற்கும் முளைகளைத் தலையில் சுமந்து ஊர்வலமாகச் சென்று நீரில் கரைப்பார்கள். அந்தப் பொன்னிறமும் உயரமும் இருள் தந்தவை. முளைகள் உயரமாகவும் ஒரே சீராகவும் வந்தால், விதை நன்றாக இருக்கிறது என்று பொருள். இருட்டில் முழு உயரமும் விதையின் சேமிப்பிலிருந்தே வருவதால், முளைப்பாரியை விதையின் வீரியத்தைக் காட்டும் சோதனையாகவும் பார்க்க முடியும். திருமணங்களில் பாலிகை தெளிப்பதும், ஆகம முறைக் கோயில்களில் திருவிழாவுக்கு முன் நடக்கும் முளையிடும் சடங்கும் இதே உறவைச் சேர்ந்தவை. சென்னை மாணவர்களில் பலருக்குத் தென்மாவட்டங்களில் சொந்த ஊர் இருக்கும். முளைப்பாரி எடுத்த அத்தையையோ பாட்டியையோ கேட்டு வந்து வகுப்பில் சொல்லச் சொல்லுங்கள். நம்பிக்கையைக் கேள்வி கேட்கும் பாடமாக இதை ஆக்க வேண்டியதில்லை. ‘அறைக்குள் ஏன் வைக்கிறார்கள்? வெயிலில் வைத்தால் எப்படி இருக்கும்?’ என்ற இரண்டு கேள்விகள் போதும்.

சந்தையிலும் எடுத்துக்காட்டுகள் உண்டு. முட்டைக்கோஸின் வெளி இலை பச்சை, உள் இலை வெளுப்பு. வாழைத்தண்டு வெள்ளையாக இருப்பது பட்டைகளுக்குள் ஒளி புகாததால். தோரணத்துக்கு வெட்டும் தென்னங்குருத்தும், குருத்தோலை ஞாயிறன்று கையில் பிடிக்கும் ஓலையும் இன்னும் விரியாததால் வெளிர்மஞ்சளாக இருக்கின்றன. எதிர்ப்பக்கத்து எடுத்துக்காட்டும் ஒன்று வேண்டும். வெளிச்சத்தில் கிடந்த உருளைக்கிழங்கு பச்சையாகிறது. அந்தப் பச்சை பச்சையம்தான். ஆனால் கிழங்கில் வெளிச்சம் பட்டால் சோலனின் போன்ற நச்சுப் பொருளும் கூடுகிறது. பச்சையான பகுதியைச் சமைக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

மஞ்சள் எல்லாம் ஒன்றல்ல

பள்ளித் தோட்டத்தில் ஒரு செடி மஞ்சளானால் உடனே ‘தண்ணீர் ஊற்றவில்லையா?’ என்று கேட்கிறோம். மஞ்சளாவதற்குக் காரணங்கள் பல. எந்த இலை, எந்த இடம், என்ன உருவம் என்று பார்த்தால் காரணத்தை நெருங்கலாம்.

• செடி முழுவதும் வெளிறி, தண்டு நீண்டு, கணுக்களுக்கு இடையே தூரம் கூடி, ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால்: ஒளிக் குறைவு.
• அடியில் உள்ள முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளானால்: தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம்.
• நுனியில் உள்ள இளம் இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால்: இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். இதைப் பச்சையச் சோகை என்கிறோம்.
• பயறுச் செடியின் இலையில் மஞ்சள் திட்டுகள் சிதறி இருந்தால்: வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல் நோயாக இருக்கலாம்.
• தொட்டி எப்போதும் ஈரமாக இருந்து இலைகள் மஞ்சளாகித் தொங்கினால்: தண்ணீர் தேங்கி வேர் மூச்சுத் திணறுகிறது.

முதல் காரணத்துக்கும் கடைசிக் காரணத்துக்கும் உள்ள தொடர்பைக் கவனியுங்கள். ஒளிக் குறைவால் வெளிறிய செடி குறைவாகத்தான் நீரை எடுக்கும். வெளுத்திருக்கிறதே என்று மேலும் மேலும் ஊற்றினால் வேர் அழுகும். அக்கறையோடு ஊற்றிய மாணவர்தான் கடைசியில் பழி சுமப்பார்.

கோடம்பாக்கத்துப் பள்ளி வளாகத்தில்

கோடம்பாக்கம், மேற்கு மாம்பலம், தியாகராய நகர்ப் பகுதிகளில் உள்ள பள்ளிகளுக்குத் தோட்டம் என்று தனி இடம் கிடைப்பது அரிது. சுற்றிலும் அடுக்குமாடிக் கட்டடங்கள். நடுவில் சிறிய திறந்தவெளி. சுவரோரம் வரிசையாகத் தொட்டிகள். இங்கே ஒளியின் கணக்கு தெரிந்திருப்பது உரத்தின் கணக்கு தெரிந்திருப்பதைவிடப் பயன் தரும்.

சென்னை வடக்கு அட்சரேகை 13 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். இந்த இரண்டு நாட்களுக்கு இடைப்பட்ட காலத்தில் நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே இருக்கும். மற்ற மாதங்களில் தெற்கே இருக்கும். மூன்று மாடி அளவில், 10 மீட்டர் உயரமுள்ள ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். ஜூன் மாத நண்பகலில் அதன் நிழல் தென்பக்கம் விழும். நீளம் ஏறத்தாழ 1.8 மீட்டர். டிசம்பர் மாத நண்பகலில் நிழல் வடபக்கம் விழும்; நீளம் ஏறத்தாழ 7.4 மீட்டர்.

பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில், கட்டடத்தின் வடபக்கச் சுவரோரம் நல்ல வெயில் இருப்பதைப் பார்த்து நாம் தொட்டிகளை அங்கே வைக்கிறோம். ஆகஸ்ட் கடந்ததும் அந்த இடத்தில் நண்பகல் வெயில் விலகத் தொடங்குகிறது. நவம்பர், டிசம்பரில் மழை மேகமும் சேர்ந்துகொள்ளும். செடி மெலிந்து நீண்டு, திறந்தவெளிப் பக்கம் சாய்கிறது. முழு இருட்டு இல்லாததால் முற்றிலும் வெளிறாது. ஆனால் அதே குடும்பத்து விளைவுதான். செய்ய வேண்டியது எளிது. காலாண்டு விடுமுறை முடிந்து வந்ததும் தொட்டிகளை வெயில் உள்ள பக்கத்துக்கு மாற்ற வேண்டும். ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் கொடிக்கம்பத்தின் நிழலை மாதம் ஒருமுறை நண்பகலில் அளந்து வந்தால், எப்போது மாற்றுவது என்று அவர்களே சொல்வார்கள். உயிரியலும் புவியியலும் முக்கோணவியலும் இந்த ஒரு செயலில் சேர்ந்துவிடும்.

வகுப்பறைக்குள் வைக்கும் செடிக்கு வேறொரு சிக்கல். நம் கண் வெளிச்சத்துக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். அதனால் வகுப்பறை நமக்கு வெளிச்சமாகத் தெரிகிறது. அளவு வேறு கதை சொல்லும். நண்பகல் வெயில் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ். நல்ல வெளிச்சமுள்ள வகுப்பறை மேசையில் சில நூறு லக்ஸ். படிக்கப் போதுமான வெளிச்சம், வெயிலில் வளரும் தக்காளிச் செடிக்கு அந்தி நேரம். கைபேசியில் ஒளி அளக்கும் செயலி இருந்தால் ஆசிரியர் அளந்து காட்டலாம். துல்லியம் குறைவாக இருந்தாலும், சன்னலுக்கும் கரும்பலகைக்கும் உள்ள வேறுபாடே மாணவர்களுக்கு வியப்பாக இருக்கும்.

வகுப்பில் செய்து பார்க்க

தேவையானவை: பச்சைப்பயறு, நான்கு கொட்டாங்கச்சிகள் அல்லது காகிதக் கோப்பைகள், மணல், இரண்டு அட்டைப் பெட்டிகள், அளவுகோல். உயர்நிலை வகுப்பு என்றால் 0.1 கிராம் வரை காட்டும் தராசு.

ஒவ்வொன்றிலும் ஊறவைத்த பயறு இருபதை ஒரே ஆழத்தில் ஊன்றி, நீர் தெளிக்கவும்.

1. முதலாவதை வெயில் படும் இடத்தில் வைக்கவும்.
2. இரண்டாவதை வகுப்பறைச் சன்னலோரம் வைக்கவும்.
3. மூன்றாவதைப் பெட்டிக்குள் வைத்து, அதன் மேல் இன்னொரு பெட்டியைக் கவிழ்க்கவும்.
4. நான்காவதை மூன்றாவதோடு வைத்து, ஐந்தாம் நாள் வெளியே எடுத்து வெயிலில் வைக்கவும்.

பெட்டியை அடிக்கடி திறந்து பார்க்க மாணவர்கள் துடிப்பார்கள். சிறிது நேர வெளிச்சம்கூடக் கொக்கியை நிமிர்த்தத் தொடங்கிவிடும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். தொடக்கத்திலேயே மணலை நன்றாக நனைத்துவிட்டால் அடிக்கடி திறக்க வேண்டியிராது. அதிக ஈரத்தில் பூஞ்சை வரும் என்பதால் அடியில் துளை அவசியம்.

ஐந்தாம் நாள் தண்டின் நீளம், இலையின் அகலம், நிறம், நுனியின் வடிவம் ஆகியவற்றை எழுதச் சொல்லவும். நான்காவது கோப்பையை அன்று காலை வெளியே வைத்து, மதியம், மாலை, மறுநாள் காலை என மூன்று முறை பார்க்கச் செய்யவும். கொக்கி நிமிர்ந்து, இலை விரிந்து, பச்சை ஏறுவதை ஒரே நாளில் பார்ப்பது இந்தச் செயல்பாட்டிலேயே மனத்தில் நிற்கும் பகுதி. ஏற்கெனவே நீண்ட தண்டு திரும்பக் குறுகாது என்பதையும் கவனிக்கச் சொல்லுங்கள்.

தராசு இருந்தால், 100 பயறுகளை எடை போட்டு வைத்துக்கொண்டு, வெயிலுக்கும் இருட்டுக்கும் ஐம்பது ஐம்பதாகப் பிரித்து முளைக்க வைக்கவும். பன்னிரண்டு நாட்கள் கழித்து வேரோடு பிடுங்கி, மணலைக் கழுவி, உதிர்ந்த விதையிலைகளையும் சேர்த்து நன்றாக உலரவிட்டு எடை போடவும். ஈரத்தோடு எடை போட்டால் இருட்டுச் செடியே கனமாகக் காட்டும். அது நீரின் எடை. உலர்ந்த பின் இருட்டுச் செடிகளின் எடை, தொடங்கிய விதைகளின் எடையைவிடக் குறைந்திருக்கும். சுவாசத்தில் சேமிப்பு செலவாகிவிட்டது. உயரமானது எடை குறைந்திருப்பதைக் கையில் பிடித்துப் பார்த்த மாணவருக்கு ‘வளர்ச்சி’ என்றால் என்ன என்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

கேள்வியை மாற்றிக் கேட்போம்

இந்தப் பாடத்துக்குப் பின் ‘செடி வளர ஒளி தேவையா?’ என்று கேட்பதை விட்டுவிடலாம். அதற்குப் பதில் இப்படிக் கேட்கலாம்:

• இருட்டில் இருந்த செடி உயரமாக இருந்தது ஏன்? அந்த உயரத்துக்கு உணவு எங்கிருந்து வந்தது?
• இருட்டில் இருந்த செடியை இன்னும் ஒரு மாதம் அங்கேயே வைத்தால் என்ன ஆகும்? ஏன் அப்படி நினைக்கிறாய்?
• சுவரோரச் செடி ஒரு பக்கம் சாய்ந்து மெலிந்திருக்கிறது. தண்ணீர் ஊற்றுவாயா, இடம் மாற்றுவாயா? காரணம் சொல்.

‘இருட்டில் இருந்ததுதான் அதிக உயரம்’ என்று எழுதிய விடைக்கு, பார்த்ததைச் சரியாகப் பதிவு செய்ததற்கான மதிப்பெண்ணை முழுமையாகக் கொடுத்துவிட்டு, ‘உலர்ந்த எடை என்ன?’ என்று ஓரத்தில் எழுதிக் கொடுங்கள். அந்த மாணவர் மறுபடியும் பெட்டியைத் திறப்பார்.